தவ்ராத் இறைவேதமே என்பதற்கு அறிவுபூர்வமான ஆதாரங்கள் உண்டா?

அல்லாஹ் அருளிய வேதங்களை நம்புவது ஈமானின் ஆறு அம்சங்களுள் ஒன்று. தவ்ராத், ஸபூர், இன்ஜீல், குர்ஆன் என்று மக்தபில் ஓதும் சிறு பிள்ளைகூட விரல் மடக்கிச் சொல்லும். அதே பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போனதும் ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வருகிறது. "தவ்ராத் மாற்றப்பட்டுவிட்டது என்று பயான்களில் கேட்கிறோம். அப்படி மாற்றப்பட்ட நூல் ஆரம்பத்தில் அல்லாஹ்விடமிருந்துதான் வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?"

குர்ஆன் சொல்கிறது என்ற பதில் ஒரு முஸ்லிமுக்குப் போதுமானது. ஆனால் கேட்பவர் பெரும்பாலும் வகுப்புத் தோழரான ஒரு நாத்திகராகவோ மாற்று மதத்தவராகவோ இருப்பார். அவருக்கு அந்தப் பதில் பதிலாகாது. இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. மூஸா (அலை) அவர்களின் பெயர் குர்ஆனில் 136 இடங்களில் வருகிறது. வேறு எந்த நபியின் பெயரும் இத்தனை முறை வருவதில்லை. அவர்களுக்கு அருளப்பட்ட வேதத்தைக் கட்டுக்கதை என்று ஒருவர் நிறுவிவிட்டால், அதே வாதம் மறுநாள் நம் வாசலுக்கும் வரும். ஆகவே இக்கேள்வியை யூதர்களின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தவ்ராத் என்று இங்கே நாம் குறிப்பிடுவது யூதர்கள் மூஸா (அலை) அவர்களோடு தொடர்புபடுத்தும் ஐந்து ஆகமங்களை. தமிழ் பைபிளில் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று முதலில் வருபவை இவைதாம். பழைய ஏற்பாடு முழுவதையும் தவ்ராத் என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது சரியல்ல.

அரபு மொழியில் பிறந்த வாதம்

இந்தக் கேள்விக்கு யூத அறிஞர்கள் தந்த மிகச் சிறந்த பதில்களில் பல முஸ்லிம்களின் ஆட்சிப் பகுதிகளில், அரபு மொழியில் எழுதப்பட்டவை. அவர்கள் பயன்படுத்திய தர்க்க முறையும் பெரும்பாலும் நம் இல்முல் கலாம் அறிஞர்களிடம் புழங்கிய முறையே.

முதலில் ஸஅதியா. மிஸ்ரின் ஃபய்யூம் பகுதியில் 882ஆம் ஆண்டு பிறந்து, இராக்கின் ஸூரா கல்விக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர். தவ்ராத்தை அரபியில் மொழிபெயர்த்தவர். 933இல் எழுதிய கொள்கை விளக்க நூலில் அவர் எடுத்துக்கொள்ளும் சான்று, பனூ இஸ்ராயீல் கூட்டத்தார் பாலைவனத்தில் உண்ட 'மன்னு'. கடல் பிளந்தது ஒருநாள் நிகழ்ச்சி. மன்னு நாற்பது ஆண்டுகள் தொடர்ந்தது. ஒரு சமுதாயம் முழுவதும் கூடிப் பேசி இப்படி ஒரு பொய்யைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர் கேட்கிறார். பாலைவனத்தில் நாற்பது ஆண்டுகள் மன்னு தின்று வாழ்ந்தோம் என்று தந்தை சொன்னால், மகன் உடனே, இதோ இது உங்கள் வயல்தானே, அது அவருடைய தோட்டம்தானே, இவற்றில் விளைந்ததைத்தானே காலமெல்லாம் சாப்பிட்டு வருகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருப்பான். எளிமையான வாதம்தான். ஆனால் இதை மறுக்க நினைப்பவர் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தவர் ஸ்பெயினின் யஹூதா ஹலேவி. 1140 வாக்கில் அவர் அரபியில் முடித்த 'குஸாரி' நூலில், கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட பகுதியை ஆண்ட கஸர் மன்னர் ஒருவர் உண்மையான மார்க்கத்தைத் தேடுகிறார். ஒரு தத்துவவாதி, ஒரு கிறிஸ்தவர், ஒரு முஸ்லிம் ஆகியோரைக் கேட்டுவிட்டுக் கடைசியாக யூத அறிஞரிடம் வருகிறார். அந்த அறிஞர் உலகைப் படைத்த இறைவனிலிருந்து பேச்சைத் தொடங்கவில்லை. மிஸ்ரிலிருந்து நம் முன்னோரை வெளியேற்றிய இறைவனை நம்புகிறேன் என்கிறார். மன்னருக்கு வியப்பு. காரணம் கேட்கிறார். படைப்பை எங்களில் எவரும் பார்க்கவில்லை, அதைத் தர்க்கத்தால்தான் நிறுவ வேண்டும். தூர் ஸீனா மலையடிவாரத்தில் நடந்ததையோ ஆறு லட்சம் பேர் கண்டார்கள், கேட்டார்கள், தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், அது அறுபடாமல் எங்கள் வரை வந்திருக்கிறது என்பது அவரது பதிலின் சாரம். உபாகமத்தின் நான்காம் அதிகாரத்திலும் இந்த வாதத்தின் வித்து இருக்கிறது. நெருப்பின் நடுவிலிருந்து இறைவன் பேசுவதைக் கேட்ட சமூகம் வேறு ஏதேனும் உண்டா என்று அது வாசகரிடமே விசாரிக்கச் சொல்கிறது.

மூன்றாமவர் குர்துபாவில் பிறந்து மிஸ்ரின் ஃபுஸ்தாத்தில் 1204இல் இறந்த மூஸா பின் மைமூன். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரசவை வட்டத்துக்கு மருத்துவம் பார்த்தவர். அவர் ஒரு படி மேலே போகிறார். அற்புதத்தைப் பார்த்து நம்புகிறவரின் உள்ளத்தில், இது சூனியமாக இருக்குமோ என்ற ஐயம் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்கிறார். இஸ்ரவேலர்கள் மூஸா நபியை உறுதியாக நம்பியது கைத்தடிக்காக அல்ல, மலையடிவாரத்தில் தாங்களே செவியால் கேட்டதற்காக என்பது அவரது நிலைப்பாடு.

முதவாத்திர் என்ற உரைகல்

நம் மத்ரஸாக்களில் உசூல் படித்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாகத் தெரியாது. இது 'முதவாத்திர்' என்ற விதியின் அடிப்படையில் நிற்கிறது. பெருந்திரளானோர் அறிவிக்கும் செய்தி எப்போது ஐயமற்ற அறிவைத் தரும் என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் நிபந்தனைகள் வகுத்திருக்கிறார்கள். அறிவிப்பவர்கள் தாமே கண்டதை அல்லது கேட்டதைச் சொல்ல வேண்டும். ஊகித்ததைச் சொன்னால் எத்தனை பேர் சொன்னாலும் பயனில்லை. கூடிப் பேசிப் பொய் சொல்ல முடியாத எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் குறையாமல் இருக்க வேண்டும்.

தூர் ஸீனா நிகழ்ச்சியை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். முதல் நிபந்தனையில் அது தேறுகிறது. சொல்லப்படுவது ஒரு மெய்ஞ்ஞானியின் தனிப்பட்ட கனவோ உள்ளுணர்வோ அல்ல; மலை, இடிமுழக்கம், குரல் என்று புலன்களுக்கு எட்டிய நிகழ்ச்சி. குர்ஆனும் இந்த இடத்தில் ஒரு சமூகத்தையே சாட்சியாக நிறுத்துகிறது. மலை அவர்களுக்கு மேலே உயர்த்தப்பட்டு உடன்படிக்கை வாங்கப்பட்டதை அல்பகரா (2:63), அந்நிஸா (4:154), அல்அஃராஃப் (7:171) ஆகிய மூன்று அத்தியாயங்களில் காணலாம்.

எண்ணிக்கையில்தான் ஒரு சிக்கல். எண்ணாகமம் போர் புரியத் தக்க ஆண்களை மட்டும் 6,03,550 என்கிறது. பெண்கள், குழந்தைகள், முதியோரைச் சேர்த்தால் இருபது லட்சத்தைத் தாண்டும். வரலாற்றாசிரியர்கள் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எண்களைப் பெருக்குகிறார்கள் என்பதற்கு இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் காட்டும் முதல் உதாரணமே இதுதான். யஃகூப் (அலை) அவர்களுக்கும் மூஸா (அலை) அவர்களுக்கும் இடையில் நான்கே தலைமுறைகள். அதற்குள் எழுபது பேர் இவ்வளவு பெருகியிருக்க முடியாது, இத்தனை பேரை ஒரு படையாக நடத்திச் செல்லவும் முடியாது என்பது அவரது கணக்கு. இது அந்த எண்ணைத்தான் பாதிக்கிறது, சான்றைப் பாதிக்கவில்லை என்பது நம் கருத்து. ஆறு லட்சத்துக்குப் பதில் ஆறாயிரம் பேர் மலையடிவாரத்தில் நின்றிருந்தாலும், அவர்கள் அனைவரும் கூடி ஒரே பொய்யைச் சொல்ல முடியாது.

உண்மையான நெருக்கடி கடைசி நிபந்தனையில் வருகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அதே பெருந்திரள் செய்தியைக் கடத்தியதா? யூதர்களின் சொந்த நூல்களே இதில் இடறுகின்றன. யோசுவாவின் தலைமுறைக்குப் பின் இறைவனையும் அவன் செய்தவற்றையும் அறியாத ஒரு தலைமுறை எழுந்தது என்று நியாயாதிபதிகள் நூல் சொல்கிறது. கி.மு. 622 வாக்கில், யோசியா மன்னரின் காலத்தில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண நூல் ஒன்று 'கண்டெடுக்கப்பட்டது' என்றும், அதைக் கேட்ட மன்னர் அதிர்ந்து தம் ஆடையைக் கிழித்துக்கொண்டார் என்றும் இராஜாக்களின் இரண்டாம் நூல் கூறுகிறது. ஒரு வேதம் தொலைந்து, பின்பு கண்டெடுக்கப்படும் நிலை இருந்தது என்றால், வாசகத்தைப் பொறுத்தவரை சங்கிலி அறுபடவில்லை என்று எப்படிச் சொல்வது? நவீன விமர்சகர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டு, கதை முழுவதும் அந்தக் காலத்தில்தான் புனையப்பட்டது என்கிறார்கள்.

ஆனால் அவர்களும் அவசரப்படுகிறார்கள். யோசியாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கி.மு. எட்டாம் நூற்றாண்டில், ஆமோஸ், ஓசியா ஆகியோர் மிஸ்ரிலிருந்து வெளியேறியதையும் பாலைவன வாழ்வையும் பேசுகிறார்கள். எல்லோரும் அறிந்த செய்தியை நினைவூட்டும் தொனியில்தான் பேசுகிறார்கள். மக்களைக் கண்டிப்பதற்காக எடுத்துச் சொல்லப்படும் ஒரு பழைய நினைவு அன்றுதான் இட்டுக்கட்டப்பட்டதாக இருக்க முடியாது. அப்படி இருந்தால் கண்டனம் எடுபடாது. இதற்கும் முற்பட்ட ஒரு கல்வெட்டுச் சான்றும் உண்டு. மிஸ்ரின் மன்னன் மெர்நெப்தாவின் வெற்றித் தூண், கி.மு. 1208 வாக்கில் கன்ஆன் பகுதியில் இஸ்ராயீல் என்ற மக்கள் கூட்டம் இருந்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1896இல் கண்டெடுக்கப்பட்ட இந்தத் தூண் வெளியேற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மிஸ்ரின் மற்றக் கல்வெட்டுகளிலும் அதைப் பற்றிய நேரடிச் செய்தி கிடைக்கவில்லை. வெற்றிகளைப் பொறித்துவைப்பதில் முனைப்பாக இருந்த அரசர்கள், அடிமைகள் தப்பியதையும் மன்னன் மூழ்கியதையும் கல்லில் வெட்டிவைக்காததில் வியப்பொன்றும் இல்லை.

ஆக, முதவாத்திர் வாதம் ஓரளவுக்கு நம்மைக் கொண்டுபோகிறது. மூஸா என்ற தலைவர், அடிமைத்தனத்திலிருந்து விடுதலை, மலையடிவார உடன்படிக்கை, சட்டம் என்ற மூலச் செய்தி ஒரு சமூகத்தின் ஆழமான பொது நினைவு. ஐந்து ஆகமங்களின் ஒவ்வொரு சொல்லையும் அந்த வாதத்தால் காக்க முடியாது.

தன்னையே குற்றம் சாட்டும் வரலாறு

நம் பார்வையில் இதைவிட வலுவான சான்று நூலின் உள்ளேயே இருக்கிறது. பழங்கால அரசவைகளில் எழுதப்பட்ட வரலாறுகளில் மன்னன் தோற்பதில்லை, முன்னோர் தவறுவதில்லை. தவ்ராத்தைத் திறந்தாலோ எங்கும் இஸ்ரவேலர்களின் குற்றப்பட்டியல். கடலைக் கடந்த ஈரம் காய்வதற்குள் முணுமுணுக்கிறார்கள். காளைக்கன்றை வணங்குகிறார்கள். மன்னு போதாது, வெங்காயமும் பூண்டும் வேண்டும் என்கிறார்கள். வாக்களிக்கப்பட்ட பூமிக்குள் நுழைய அஞ்சி நாற்பது ஆண்டுகள் அலைகிறார்கள். பெரும் தலைவரான மூஸா (அலை) அவர்களே அந்தப் பூமிக்குள் நுழையாமல் எல்லையில் இறந்துபோகிறார்கள். எந்த ஒரு சமூகமும் தன் பெருமைக்காக இப்படி ஒரு வரலாற்றைப் புனைந்து, அதை ஆண்டு முழுவதும் தன் வழிபாட்டில் ஓதிக்கொண்டிருக்காது.

சட்டங்களையும் பார்க்க வேண்டும். ஈரானின் ஸூஸா நகரில் 1901இல் ஹமுராபியின் சட்டக்கல் தோண்டியெடுக்கப்பட்டபோது, தவ்ராத் இதிலிருந்து எடுக்கப்பட்டதுதான் என்று பலர் எழுதினார்கள். மாடு முட்டிய வழக்கு, கண்ணுக்குக் கண் போன்றவற்றில் ஒற்றுமை இருப்பது உண்மையே. ஆனால் வேற்றுமையைக் கவனியுங்கள். கொத்தனார் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் இறந்தால், கொத்தனாரின் மகனைக் கொல்ல வேண்டும் என்கிறது பாபிலோனியச் சட்டம். தந்தைக்காகப் பிள்ளையோ பிள்ளைக்காகத் தந்தையோ கொல்லப்படக் கூடாது என்று உபாகமம் தடுக்கிறது. ஓடிவந்த அடிமைக்கு அடைக்கலம் தருபவருக்கு ஹமுராபி மரண தண்டனை விதிக்கிறான். அதே உபாகமமோ அவனை எஜமானனிடம் திருப்பி ஒப்படைக்காதே, அவன் விரும்பும் ஊரில் வாழ விடு என்கிறது. தவ்ராத்திலும் அடிமைக்கும் சுதந்திரமானவனுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்ற விதி அந்தக் காலத்துச் சூழலில் தானாக முளைத்ததாகத் தெரியவில்லை. சூரா அந்நஜ்மில் (53:36-38) மூஸா, இப்ராஹீம் (அலைஹிமஸ்ஸலாம்) ஆகியோரின் ஏடுகளில் இருந்தது என்று அல்லாஹ் எடுத்துக்காட்டுவதும் இதே விதியைத்தான்.

யூதப் பிரச்சாரகர்கள் விரும்பிச் சொல்லும் இன்னொரு வாதம் ஏழாம் ஆண்டுச் சட்டம். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தைத் தரிசாக விட வேண்டும். ஆறாம் ஆண்டின் விளைச்சலே மூன்று ஆண்டுகளுக்குப் போதும் என்று லேவியராகமம் உறுதி தருகிறது. மழையைத் தன் கையில் வைத்திராத மனிதன் இப்படி வாக்குறுதி கொடுத்து மாட்டிக்கொள்வானா என்று கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிலம் தனக்குரிய ஓய்வுகளை நாடுகடத்தல் காலத்தில்தான் பெற்றது என்று நாளாகம நூலே சொல்வதால், இந்தச் சட்டம் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டு அந்த வாக்குறுதி சோதிக்கப்பட்டது என்று காட்ட வழியில்லை. இந்த வாதத்தின் மேல் நாம் அதிகம் சாய மாட்டோம்.

ஏடுகள் சொல்வது

தவ்ராத்தின் வாசகத்துக்குக் கிடைத்துள்ள தொல்பொருள் சான்றுகள் பிரமிப்பூட்டுபவை. ஜெரூசலத்தின் ஒரு கல்லறையில் 1979இல் இரண்டு சிறு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. எண்ணாகமத்தில் உள்ள ஆசீர்வாத துஆ அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலம் ஏறத்தாழ கி.மு. 600. சாக்கடலருகே கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த சுருள்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்கின்றன. அதே கடலோரத்தில் ஐன்கெதி என்ற இடத்தின் பழைய யூத ஆலயத்தில் 1970இல் கரிக்கட்டையாகக் கிடைத்த ஒரு சுருளைப் பிரிக்க முடியாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள். பின்பு ஊடுகதிர்ப் படம் எடுத்துக் கணினியில் 'விரித்து'ப் படித்தபோது லேவியராகமத்தின் தொடக்கம் வெளிப்பட்டது. இன்றைய யூதர்களின் பிரதியோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது.

நாப்லஸ் நகரின் அருகே வாழும் ஸாமிரிகள் என்ற சிறு சமூகமும் இங்கே முக்கியமான சாட்சி. இன்று ஆயிரம் பேருக்கும் குறைவானவர்கள். யூதர்களோடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பகை. ஆனாலும் அவர்களிடமும் அதே ஐந்து ஆகமங்கள் இருக்கின்றன. சுமார் 6,000 இடங்களில் வேறுபாடு உண்டு. பெரும்பாலானவை எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள். வணக்கத்துக்குரிய மலை எது என்பது போன்ற சில இடங்களில் மட்டும் பெரிய கருத்து மோதல்.

இதிலிருந்து நம் பேச்சாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறுதித் தூதர் (ஸல்) அவர்கள் வந்த பிறகு யூதர்கள் தவ்ராத்தின் வாசகத்தையே மாற்றிவிட்டார்கள் என்று சிலர் மேடையில் சொல்கிறார்கள். ஹிஜ்ரத்துக்கு ஆறு, ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஏடுகள் கையில் இருக்கும்போது அப்படிச் சொல்வது எடுபடாது. திரிபு என்பது மார்க்க அறிஞர்கள் அலசிய விஷயம். எழுத்திலேயே மாற்றம் நடந்தது என்று இப்னு ஹஸ்ம் (ரஹ்) அழுத்திச் சொன்னார்கள். பொருளைத் திரித்து விளக்கியதுதான் பெரும்பகுதி என்று கருதிய அறிஞர்களும் உண்டு. எழுத்தில் மாற்றம் நடந்தது என்றால், அந்த ஏடுகளுக்கும் முந்தைய இருண்ட நூற்றாண்டுகளில்தான் அதைத் தேட வேண்டும். தேடினால் தடயமும் இருக்கிறது. உபாகமத்தின் கடைசி அதிகாரம் மூஸா (அலை) அவர்களின் மரணத்தையும் அடக்கத்தையும், அவர்களைப் போன்ற நபி பின்னர் எழும்பவில்லை என்பதையும் சொல்கிறது. இதை அவர்களே எழுதியிருக்க முடியாது. அந்த வரிகளை யோசுவா எழுதினார் என்ற கருத்து யூதர்களின் தல்மூதிலேயே இடம்பெற்றிருக்கிறது. நபிக்கு அருளப்பட்டதும் பின்வந்தோர் எழுதியதும் ஒரே தோல் சுருளில் கலந்திருக்கின்றன என்பது எதிரி கண்டுபிடித்த குறை அல்ல, அவர்களின் அறிஞர்கள் அறிந்திருந்த செய்தி.

ஒரே தராசு

பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை ஸமவ்அல் அல்மக்ரிபி, ஒரு யூத அறிஞரின் மகன். 1163இல் மராகா நகரில் இஸ்லாத்தை ஏற்றார். பின்பு தம் பழைய சமூகத்தாரிடம் அவர் வைத்த வாதம் எளிமையானது. மூஸாவை நீங்கள் பார்த்ததில்லை. பெருந்திரளானோர் வழிவழியாகச் சொன்னதால் நம்புகிறீர்கள். அதே வகையான சாட்சியம் ஈஸாவுக்கும் முஹம்மதுக்கும் இருக்கிறது. ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பது எந்த நியாயம்?

ஒரு சமூகமே நேரில் கேட்டது ஸீனாயில் மட்டும்தான் என்பது இதற்கு யூதர்கள் தரும் பதில். அப்படியென்றால் இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகியோரின் நிலை என்ன? அவர்களுக்கு இறைச்செய்தி வந்தபோது எந்தச் சமூகமும் கூடி நின்று கேட்கவில்லை. ஆனாலும் யூதர்கள் அவர்களை ஏற்கிறார்கள். ஆகவே பொதுமக்கள் சாட்சியம் நல்ல ஆதாரம்தான். அது ஒன்றே ஆதாரம் என்பது அவர்களின் சொந்த நம்பிக்கைக்கே பொருந்தாது.

நடைமுறையில் இந்த நூலை நாம் எப்படி அணுகுவது? மதீனாவின் யூதர்கள் ஒரு விபச்சார வழக்கைக் கொண்டுவந்தபோது தவ்ராத் வரவழைக்கப்பட்டது. தம் கீழிருந்த தலையணையை எடுத்து அதன்மேல் அந்த வேதத்தை நபி (ஸல்) அவர்கள் வைத்து, அதையும் அதை அருளியவனையும் நம்புவதாகக் கூறினார்கள் என்று இப்னு உமர் (ரலி) வழியாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. வேதக்காரர்கள் தவ்ராத்தை ஹீப்ருவில் ஓதி அரபியில் விளக்கியபோது, அவர்களை உண்மைப்படுத்தவும் வேண்டாம், பொய்ப்படுத்தவும் வேண்டாம் என்று தம் தோழர்களுக்கு அவர்கள் வழிகாட்டியது புகாரியில் உள்ளது. இந்த அடிப்படையில் இப்னு கஸீர் (ரஹ்) போன்றோர் அச்செய்திகளை மூன்றாகப் பிரித்தார்கள். குர்ஆன் உறுதிப்படுத்துவதை ஏற்போம்; கடல் பிளந்தது அத்தகையது. குர்ஆன் மறுப்பதை மறுப்போம். காளைக்கன்றைச் செய்தது ஹாரூன் (அலை) என்று யாத்திராகமம் சொல்வதும், அது ஸாமிரி என்ற மனிதனின் செயல் என்று குர்ஆன் சொல்வதும் இவ்வகை. குர்ஆன் மௌனமாக இருக்கும் இடங்களில் நாமும் நிறுத்திக்கொள்வோம். குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட தாயின் உள்ளம் பட்ட பாட்டைக் குர்ஆன் விவரிக்கிறது. அவர் பெயரைச் சொல்லவில்லை. யாத்திராகமம் அவரை யோகெபேத் என்கிறது. இருக்கலாம்.